கழுத்துக்கு மட்டும் நெருப்பு

“உஸ்தாதே, பொய் சொல்லுதவன் நாக்கு அழுகிப் போகும்னு சொல்லுவாவளே, அது நெசமா?”

கேட்டுக்கொண்டே தோட்டாக் கொட்டடிக்குள் நுழைந்தார் வெள்ளைக்கண்ணு. கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினார்.

பீர் மஸ்தான் ராவுத்தர் தலை நிமிரவில்லை. ஒரு பித்தளைக் கூட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழுகி நான் பாத்ததில்ல அண்ணாச்சி.”

கருங்கானல் ஜமீனின் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு அந்தக் கொட்டடியில்தான் தோட்டா தயாராகும். வெடித்து முடிந்த கூடுகளை அங்கே வீசி எறிவதில்லை. சுத்தம் செய்து, அச்சில் வைத்து உருவைச் சரிக்கட்டி, மறுபடி மருந்தும் ஈயக் குண்டும் அடைத்துவிடுவார்கள்.

அந்த வேலையில் ராவுத்தர் குரு, வெள்ளைக்கண்ணு சீடர். சீடருக்குக் குருவைவிடப் பத்து வயது கூடுதல். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு பஸ்ராச் சண்டைக்குப் போய்த் திரும்பிய சிப்பாய். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை உஸ்தாதே என்பார். இருவருக்கும் இதில் சங்கடம் ஒன்றுமில்லை.

“மச்சான் தொரை என்ன சொல்லுதார் தெரியுமா? தோட்டா பழுதாம். என் தோட்டா!”

மச்சான் துரை ஜமீன்தாரின் மனைவியோடு பிறந்தவர். சாப்பாட்டுக்கும் வேட்டைக்கும் அரண்மனைக்கு வருகிறவர். வேறு எதற்கும் வந்ததாக ஊருக்குத் தெரியாது.

முந்தாநாள் காட்டில் ஒரு புதர் அசைந்தது. மிளா மான் என்று நினைத்துச் சுட்டார். அது மிளா இல்லை. விலங்குகளைக் கலைப்பதற்காகத் தகரம் தட்டிக்கொண்டே வந்த பேச்சிமுத்து.

மிளா தகரம் தட்டாது. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

பேச்சிமுத்து அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

“நாளைக்குச் சபையில எல்லார் முன்னாலயும் சொல்லப் போறாவளாம். தொரை சரியாத்தான் சுட்டாராம், குண்டுதான் வெலகிப் போச்சாம். குத்தம் தோட்டா அடைச்சவன் மேலயாம். உஸ்தாதே, அந்தாளு கட்டிப் போட்ட ஆட்டச் சுட்டாலும் கயித்தத்தான் அறுப்பாரு!”

ராவுத்தர் கூட்டைக் கீழே வைத்தார்.

“கதவச் சாத்துங்க.”

“என்னது?”

“கழுத்துக் காய்ச்சணும். கூடு நெறையக் கெடக்கு.”

“நான் என்ன பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க என்ன சொல்லுதிய!”

“கதவச் சாத்துங்கன்னு சொல்லுதேன்.”

பித்தளை ஒரு மாதிரியான பிறவி. வெடிக்க வெடிக்க, அச்சில் வைத்து நெருக்க நெருக்க, இறுகிக்கொண்டே போகும். இறுக்கம் தாளாமல் ஒரு நாள் கூட்டின் கழுத்து, குண்டைக் கவ்வுகிற வாய்ப்பக்கம், கீறிவிடும். அதற்கு முன்னால் கழுத்தை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். கூடுகளைத் தாம்பாளத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதிக் கழுத்தின் மேல் திருப்ப வேண்டும். அறை இருட்டாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பித்தளை சிவப்பது தெரியாது. தெரிகிறபோது காரியம் கெட்டிருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்கண்ணுவுக்கு மனப்பாடம். இருந்தும் அவர் கதவைச் சாத்தவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. ஊதுகுழலை வாயில் வைத்தார், மச்சான் துரையின் முகத்தை நினைத்துக்கொண்டு ஊதினார்.

நன்றாக ஊதினார். கழுத்து சிவந்தது. தோள் சிவந்தது. அடிவரைக்கும் சிவந்தது.

அப்போதுதான் வாசலில் மாடத்தி வந்து நின்றாள். பேச்சிமுத்துவின் பெண்டாட்டி.

“அண்ணாச்சி.”

வெள்ளைக்கண்ணு ஊதுகுழலை எடுத்தார்.

“நாளைக்குச் சபையில மண்ண வாரித் தூத்தப் போறேன். யாரு மேல தூத்தணும்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

வயிறெரிந்த ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால், அது யார் மேல் விழுகிறதோ அந்தக் குடும்பம் விளங்காது. அந்தச் சீமையில் இதை நம்பாதவர் கிடையாது. வெள்ளைக்கண்ணுவும் நம்புகிறவர்தான். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள்.

“தோட்டா உங்களுதாமே அண்ணாச்சி?”

“என்னுதுதான்.”

“பழுதாமே?”

அந்த ஒரு வார்த்தையில் வெள்ளைக்கண்ணு வெடித்தார்.

“எவன் சொன்னான்? எந்த நாயி சொன்னான்? நான் அடைச்ச தோட்டாவ எங்கிட்டயே வந்து பழுதுங்கியா? போ வெளிய! போடி!”

மாடத்தி அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தப்பு செஞ்சவுகதான் இப்பிடிக் கத்துவாக,” என்றாள்.

போய்விட்டாள்.

வெள்ளைக்கண்ணு அப்படியே உட்கார்ந்துவிட்டார். துரையைக் கேட்க வேண்டிய கேள்வியைத் தாலி அறுத்தவளிடம் கேட்டாகிவிட்டது. இனி அவள் யார் மேல் மண் தூற்றுவாள் என்பதில் சந்தேகம் ஏது?

ராவுத்தர் எழுந்து வந்தார். வெள்ளைக்கண்ணு காய்ச்சிய கூடுகளில் ஆறிப்போன ஒன்றை எடுத்தார். குறடால் அதன் அடிப்பக்கத்தைப் பிடித்து லேசாக அழுத்தினார். பப்பாளிக் காம்பு போல நசுங்கியது.

“இதுல மருந்தடைச்சுச் சுடுவியளா அண்ணாச்சி?”

“சுட்டா அடி பிச்சுக்கிட்டு வந்து எம் மூஞ்சியில அடிக்கும்.”

“அடிக்கும்.”

“அப்போ நான் கோவப்படக் கூடாதுங்கியளா?”

“நான் பித்தளையப் பத்திச் சொன்னேன்.”

அந்தத் தொகுதி முழுவதையும் ராவுத்தர் உருக்குகிற கூடைக்குள் கொட்டினார்.

மத்தியானம் காரியஸ்தர் நெல்லையப்ப பிள்ளை வந்தார். அரண்மனைக்கு வேண்டாத வேலை எதுவானாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். துடைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே ஒரு வெட்டு இருக்கும்.

“என்னவே வெள்ளைக்கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்கு? எதுக்குவே இவ்வளவு வருத்தம்? ஆனைக்கும் அடி சறுக்கும்.”

“எனக்குச் சறுக்கலயே.”

“சறுக்கினதா இருக்கட்டுமே. ‘தோட்டா பழுதாயிட்டு, மகாராசா மன்னிக்கணும்’. இவ்வளவுதான். மகாராசா அந்த எடத்துலயே மன்னிச்சுருவாவ. உம்ம வேலைக்கும் பங்கமில்ல. தொரைக்கும் மானம் போவாது. செத்தவன் திரும்பி வரப் போறானா?”

“அவ மண்ண வாரித் தூத்துவாளே.”

“தூத்தட்டும். ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் குளிச்சாப் போவுது.”

சொல்லிவிட்டு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். பாருங்கள், செத்தவன் ஒருவன், சுட்டவன் ஒருவன், குளிக்க வேண்டியவன் மூன்றாவது ஆள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளைக்கண்ணு ஊதுகுழலை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். காலையில் இருந்த சூடு எங்கே போனதென்று தெரியவில்லை.

“சொல்லிட்டுப் போயிரலாம் போல இருக்கு உஸ்தாதே.”

“ம்.”

“மக பிள்ளைத்தாய்ச்சி. நான் அரண்மனைய எதுத்து நின்னா நாளைக்கு மருத்துவச்சிகூட வீட்டு வாசல மிதிக்க மாட்டா.”

“ம்.”

“ஏதாவது சொல்லுங்களேன்!”

“கூடு கெடக்கு.”

இந்தத் தடவை வெள்ளைக்கண்ணு கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றினார். கூடுகளை வரிசையாக நிறுத்தினார். ஆனால் தீ கழுத்தைத் தொட்டதும் எடுத்துவிட்டார். தொட்டதும் எடுத்தார், தொட்டதும் எடுத்தார்.

ராவுத்தர் அதில் ஒன்றை அச்சுக்குள் வைத்து நெம்புகோலை அழுத்தினார். டிக்கென்று ஒரு சத்தம்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“கழுத்து கீறிட்டு.”

“ஏன்?”

“தீ பத்தல.”

“ஏன் பத்தல?”

“பயந்துட்டேன்.”

அதுவும் கூடைக்குள் போனது.

வெள்ளைக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. பஸ்ராவில் காலில் தைத்த இரும்புத் துண்டை டாக்டர் பிடுங்கியபோதுகூட அழாத மனிதர். தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

“உஸ்தாதே, ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கு நான் சபையில கத்தணுமா, கால்ல விழணுமா?”

ராவுத்தர் தாம்பாளத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கூடுகளை நிறுத்தினார். செம்பை எடுத்து மெதுவாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

“எதுவரைக்கும் ஊத்த?”

“பாதிக்கு மேல கொஞ்சம்.”

“போதுமா?”

“போதும்.”

“தண்ணிக்கு மேல இருக்கது?”

“நல்லா எளகணும்.”

“தண்ணிக்குக் கீழ?”

“எளகக் கூடாது.”

“கொஞ்சமாவது?”

“கொஞ்சங்கூட.”

“காய்ச்சுங்க,” என்றார் ராவுத்தர். சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

வெள்ளைக்கண்ணு இருட்டில் தனியாக உட்கார்ந்து ஊதினார். கழுத்தில் நீலம் படர்ந்தது. நீலத்துக்குப் பிறகு இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு சிவப்பு வந்தது. விரலால் தட்டிக் கூட்டைத் தண்ணீரில் சாய்த்தார். சுர்ரென்றது. அடுத்ததை எடுத்தார்.

எல்லாக் கூடும் முடிகிறவரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. படிக்கட்டின் மேல் ஜமீன்தார். பக்கத்து நாற்காலியில் மச்சான் துரை, வெற்றிலை போட்டுக்கொண்டு. கீழே மண்தரையில் மாடத்தி, தலையை விரித்துப் போட்டபடி. அவளுக்கு எதிரே வெள்ளைக்கண்ணுவும் ராவுத்தரும்.

காரியஸ்தர் தொண்டையைச் செருமினார்.

“வெள்ளைக்கண்ணு, மகாராசா சமூகத்துல நடந்ததச் சொல்லும்.”

வெள்ளைக்கண்ணு கைகூப்பினார்.

“மகாராசா, தோட்டா நல்ல தோட்டா.”

காரியஸ்தரின் முகம் கறுத்தது. ராவுத்தர் மடியிலிருந்து ஒரு பித்தளைக் கூட்டை எடுத்துக் காட்டினார்.

“தொரையோட துப்பாக்கியத் தொடைக்கும்போது உள்ள இருந்து எடுத்தது. இதுதான் அன்னைக்கு வெடிச்சது. கழுத்துல கீறல் இல்ல. அடியும் அசையல.”

“கூடு நல்லா இருந்தா ஆச்சா ராவுத்தரே? உள்ள இருந்த மருந்து கூடியிருக்கும், குண்டு கோணியிருக்கும். வெடிச்சுப் போனத யாரு கண்டா?” காரியஸ்தர் ஊரைப் பார்த்துச் சிரித்தார். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் பிழைப்பு இல்லை, பாவம்.

ராவுத்தர் கூட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றார்.

வெள்ளைக்கண்ணுவின் காது சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

“பிள்ளைவாள் கேக்கது ஞாயமான கேள்வி, மகாராசா. தொரை அன்னைக்கு வேட்டைக்குக் கொண்டுபோன பெட்டியில மிச்சத் தோட்டா இருக்கு. ஒரே நாள்ல, ஒரே கையால அடைச்சது. தொரை கையாலயே அதுல ஒண்ண எடுக்கட்டும். அதே துப்பாக்கியில போடட்டும். அந்தா நிக்குல்லா புளியமரம், அதச் சுடட்டும். மரத்துக்குப் பக்கவாட்டுல பத்தடி தள்ளி நான் நிக்கேன்.”

“நீ எதுக்குவே நிக்க?” ஜமீன்தார் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“தோட்டா பழுதுன்னா குண்டு வெலகி எம் மேல பாயும் மகாராசா. செஞ்ச பாவத்துக்குச் செத்தான்னு ஊரு சொல்லட்டும். நல்ல தோட்டான்னா மரத்துல படும். இதுல தொரைக்கு ஒரு குறையும் இல்ல.”

வார்த்தை ஒவ்வொன்றும் வெண்ணெய். பிடித்து நிறுத்த அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஊர் முழுவதும் ஜமீன்தாரையே பார்த்தது. ஜமீன்தார் மச்சானைப் பார்த்தார்.

“சுடும் மச்சான்.”

வெள்ளைக்கண்ணு நடந்துபோய்ப் புளியமரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றார். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

மச்சான் துரை வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். ஆட்கள் துப்பாக்கியும் பெட்டியும் கொண்டுவந்தார்கள்; பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். போட்டார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இறக்கினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். குழல்நுனி மரத்திலிருந்து வெள்ளைக்கண்ணுவுக்கும், வெள்ளைக்கண்ணுவிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்கும் போய் வந்தது. தொழுவத்துப் பக்கம் நின்றிருந்தவர்கள் ஓடினார்கள்.

“எலேய், தள்ளி நில்லு!”

வெள்ளைக்கண்ணு ஓரடி தள்ளி நின்றார்.

“இன்னும் தள்ளுலே! மரத்துக்குப் பின்னால போ!”

“எதுக்குத் தொரை? நீங்க மரத்தத்தான சுடுதிய?”

“ஒம்மேல பட்டுட்டா?”

“தோட்டா பழுதுன்னா படட்டும் தொரை. அதுக்குத்தான நிக்கேன்.”

“தோட்டா கெடக்கட்டும்லே, எங் கை நிக்க மாட்டேங்கு!”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. துப்பாக்கியை இறக்கினார்.

மாடத்தி எழுந்தாள்.

“ஏ பொம்பள, உக்காரு!” என்றார் காரியஸ்தர்.

அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். நேரே வெள்ளைக்கண்ணுவிடம் வந்தாள். அவருடைய முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். “மக நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும் அண்ணாச்சி,” என்றாள். அப்புறம் திரும்பிப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

வாரிய மண் அத்தனையும் படிக்கு மேலே போய் விழுந்தது. நாற்காலியில், வெற்றிலைத் தட்டில், மச்சான் துரையின் தலையில். மறுபடி குனிந்து வாரினாள். அவளைத் தடுக்க ஒருவரும் கிட்டே போகவில்லை.

ஜமீன்தார் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்தார்.

“ரெண்டு பேரும் கொட்டடிச் சாவிய வச்சிட்டுப் போங்கவே,” என்றார். தீர்ப்பு அவ்வளவுதான்.

மச்சான் துரையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தலை முழுகிவிட்டு அன்று மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டார் என்று கேள்வி. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு கருங்கானல் காட்டில் அவர் துப்பாக்கி தூக்கினால், தகரம் தட்ட ஓர் ஆள் வரவில்லை.

குருவும் சீடரும் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரை வழியாக நடந்தார்கள். வெள்ளைக்கண்ணு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

“என்னால உங்க வேலயும் போச்சு உஸ்தாதே.”

“போச்சு.”

“உள்ளுக்குள்ள எரிஞ்சது எரிஞ்சபடியே இருக்கு. கொஞ்சங்கூட அணையல. நான் இன்னும் படிக்கலன்னு நெனைக்கேன். உங்களப் பாத்தேன், சபையில கல்லுச் செல கணக்கா நின்னிய. அந்த ஆளு சிரிச்சப்பகூட ஒங்க மொகத்துல ஒண்ணுமில்ல. ஒங்களுக்குக் கோவமே வராதா?”

ராவுத்தர் வலது கையை நீட்டினார். முஷ்டி மூடியபடி இருந்தது.

“இதக் கொஞ்சம் விரிச்சு விடுங்க அண்ணாச்சி. அப்பத்துலேருந்து பாக்கேன், எனக்கு வர மாட்டேங்கு.”

வெள்ளைக்கண்ணு விரல் விரலாகப் பிரித்தார். சுண்டுவிரலைப் பிரிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. உள்ளே அந்தப் பித்தளைக் கூடு இருந்தது. அதன் அடிவட்டம் உள்ளங்கையில் முழுசாகப் பதிந்து, தோல் கிழிந்து, வட்டத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது.